பேட்டரித் தீ அபாயம் என்று ரீகால் வந்தால்: காத்திருப்பதா, மாற்றுவதா, திருப்பிக் கொடுப்பதா?

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி பேசுகிறது. பேட்டரியில் தீப்பிடிக்கும் வாய்ப்பு இருக்கிறது, இத்தனை சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், கட்டடத்துக்குள் நிறுத்தாதீர்கள், சரிசெய்யும் வழி தயாரானதும் மறுபடி எழுதுகிறோம் என்கிறது. குறையைச் சரிசெய்ய வண்டிகளை நிறுவனம் இப்படித் திரும்ப அழைப்பதைத்தான் ரீகால் என்கிறார்கள். 2020-க்குப் பிறகு மின்சாரக் கார்களும், பெட்ரோலிலும் சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் ப்ளக்-இன் ஹைப்ரிட்களும் வைத்திருந்த லட்சக்கணக்கானவர்கள் இப்படி ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

கடிதத்தில் ஒரே வழி இருப்பதுபோல் தெரியும். உண்மையில் உரிமையாளர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. சொன்ன கட்டுப்பாட்டோடு ஓட்டிக்கொண்டு காத்திருக்கலாம். மென்பொருள் அப்டேட்டைப் போட்டுக்கொண்டு அதோடு விட்டுவிடலாம். பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நிற்கலாம். ஹைப்ரிட்டாக இருந்தால் சார்ஜ் போடுவதையே நிறுத்தலாம். வண்டியே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவோ விற்கவோ முயலலாம். இவற்றில் எது சரி என்பதற்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலானவர்கள் கணக்குப் போடுகிறார்கள். என் கருத்தில் அது இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: வண்டி இரவில் எங்கே நிற்கிறது, கோளாறின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று கடிதம் சொல்கிறதா. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

லித்தியம் அயனி செல்லில் ஆனோடு, கேத்தோடு என்ற இரண்டு மின்முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். பிரிப்பான் என்பார்கள். அது மடிந்தோ கிழிந்தோ இருந்தால், அல்லது மின்முனையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக நாக்கு கிழிந்தோ மடங்கியோ இருந்தால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும் வாய்ப்பு உண்டு. ஷார்ட் ஆன இடம் சூடாகும், சூடு வேதிவினையைத் தூண்டும், வினை மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் இதை வெளியிலிருந்து நிறுத்த முடியாது. ஒரு செல்லிலிருந்து பக்கத்து செல், அங்கிருந்து அடுத்தது என்று பரவும்.

செவர்லே போல்ட் என்ற மின்சாரக் காரின் பேட்டரியில் 288 செல்கள், 10 மாட்யூல்களாக, அதாவது செல் தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கும். வண்டியை எரிக்க அந்த 288-ல் ஒன்று கெட்டிருந்தால் போதும். தொழிற்சாலையில் எல்லாச் சோதனைகளையும் தாண்டி வந்த ஒரு செல், மூன்று வருடம் ஒழுங்காக உழைத்துவிட்டு, நான்காவது வருடத்தில் ஓர் இரவு கெட்டுப்போகலாம். இந்த ரீகால்கள் எரிச்சலூட்டுவதற்குக் காரணமே இதுதான். பிரேக் தேய்ந்தால் சத்தம் கேட்கும், டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இதில் ஓட்டுநருக்கு முன்கூட்டி எதுவும் தெரிவதில்லை.

சார்ஜ் அளவை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? முழு சார்ஜில் ஆனோடு முழுக்க லித்தியம் ஏறியிருக்கும். அந்த நிலையில் அது சீக்கிரம் வினைபுரியும், ஷார்ட் ஆனால் வெளிப்படும் ஆற்றலும் அதிகம். சார்ஜ் ஏற ஏற செல் லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். மடிந்த படலத்துக்கும் கிழிந்த நாக்குக்கும் அந்த உப்பலும் சுருங்கலும் நல்லதல்ல. அதனால்தான் ஓட்டும்போது எரிந்த வண்டிகளைவிட, சார்ஜ் முடிந்து சும்மா நிற்கும்போது எரிந்தவை இந்த ரீகால் கதைகளில் அதிகம் வருகின்றன. வண்டி எங்கே ஓடுகிறது என்பதைவிட எங்கே தூங்குகிறது என்பது முக்கியம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கட்டுப்பாட்டோடு காத்திருப்பது

இதுதான் எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் வழி. செலவில்லை, உடனே தொடங்கலாம், ஆபத்தும் உண்மையிலேயே குறைகிறது. ஆனால் கட்டுப்பாடு என்று சொல்வது எவ்வளவு இறுக்கமானது என்பது கடிதத்துக்குக் கடிதம் மாறும்.

2020 நவம்பரில் செவர்லேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் போல்ட் கார்களுக்கு முதலில் சொன்னதில் முக்கியமானது 90 சதவீத வரம்பு. 2021-ல் பட்டியல் நீண்டது. 90-க்கு மேல் ஏற்றாதே, பேட்டரியில் 113 கிலோமீட்டர் தூரத்துக்கான சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மறுபடி சார்ஜ் போடு, சார்ஜ் முடிந்ததும் வெளியே நிறுத்து, இரவு முழுக்க வீட்டுக்குள் சார்ஜில் விடாதே. 2017 போல்ட்டின் அறிவிக்கப்பட்ட தூரம் சுமார் 383 கிலோமீட்டர். மேலே பத்து சதவீதத்தையும் கீழே 113 கிலோமீட்டரையும் கழித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 230 கிலோமீட்டர்தான். அதாவது காசு கொடுத்து வாங்கிய தூரத்தில் அறுபது சதவீதம். அன்றாட வேலைக்கு இது தாராளமாகப் போதும் என்பவர்கள் நிறையப் பேர். வெளியூருக்கு அடிக்கடி போகிறவருக்குப் போதாது.

நிறுத்துமிடம் பற்றிய வரிதான் பலரை மடக்குகிறது. தனி வீடும் முற்றமும் உள்ளவருக்கு, வண்டியை வெளியே விடு என்பது சின்ன விஷயம். அடுக்குமாடியின் தரையடி நிறுத்துமிடம் மட்டுமே இருப்பவருக்கு அது நடக்காத காரியம். போல்ட் விவகாரம் உச்சத்தில் இருந்தபோது, மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்றுகூடச் சொன்னார்கள். பொது நிறுத்துமிடத்தில் 50 அடி இடைவெளிக்கு எங்கே போவது? தரைக்குக் கீழே நிறுத்துகிற ஒருவருக்கு, காத்திருப்பது என்ற வழியே பாதிதான் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவர் சர்வீஸ் சென்டரிடம் மாற்று வண்டி கேட்க வேண்டும். அல்லது வேறு இடத்தில் நிறுத்தும் செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் கேட்க வேண்டும். எப்போதும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. சார்ஜ் வரம்பு ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. கெட்ட செல் உள்ளேதான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு இப்படி ஓட்டுவது நியாயமான ஏற்பாடு. சரிசெய்யும் தேதியே சொல்லாமல் இரண்டு வருடம் ஓட்டச் சொன்னால் அதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

மென்பொருள் அப்டேட்: எப்போது நம்பலாம்

ஒப்பீட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான், ஏனென்றால் பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் நீட்டுவது இதைத்தான். நிறுவனத்துக்கு மலிவு, உரிமையாளருக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் கடந்த சில வருட வரலாற்றை எடுத்துப் பார்த்தால், முதல் சுற்று மென்பொருள் பல முறை கைவிட்டிருக்கிறது.

ஹூண்டாய் கோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் தென்கொரியாவில் சுமார் 25,500 வண்டிகளில் தொடங்கிய ரீகால், உலக அளவில் 77,000 வரை போனது. பேட்டரியை மேலாண்மை செய்யும் மென்பொருளை மாற்றுவதுதான் அப்போது கொடுத்த தீர்வு. 2021 ஜனவரியில், அந்த அப்டேட்டைப் போட்டிருந்த ஒரு கோனா தேகு நகரில் தீப்பிடித்தது. அடுத்த மாதமே ஹூண்டாய் நிலையை மாற்றிக்கொண்டு, ஐயோனிக் கார்களையும் சில பேருந்துகளையும் சேர்த்து சுமார் 82,000 வண்டிகளின் பேட்டரியை மாற்றப்போவதாக அறிவித்தது. மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கொரிய வான். செல்களைத் தயாரித்த எல்ஜியின் நான்ஜிங் ஆலையில், ஆனோடு நாக்கு மடங்கிப்போன செல்கள் இருந்தன என்று கொரிய அரசின் விசாரணை சொன்னது. அதுதான் தீக்குக் காரணம் என்பதை எல்ஜி ஒப்புக்கொள்ளவில்லை.

போல்ட்டும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போனது. 2021 வசந்தத்தில் கோளாறைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை இறுதித் தீர்வாக அறிவித்தார்கள். ஜூலைக்குள் அந்த வேலை முடிந்த வண்டிகளும் எரிந்தன. பிறகு செய்த ஆய்வில், கிழிந்த ஆனோடு நாக்கு, மடிந்த பிரிப்பான் என்று இரண்டு குறைகள் ஒரே செல்லில் சேர்ந்து அமைவதுதான் காரணம் என்று தெரிந்தது. ஆகஸ்டில் அதுவரை தயாரான எல்லா போல்ட்டுகளும், சுமார் 1,42,000 வண்டிகள், ரீகாலுக்குள் வந்துவிட்டன. ஜாகுவார் ஐ-பேஸ் 2023-ல் மென்பொருளோடு தொடங்கியது. அதைப் போட்ட பிறகும் தீப்பிடித்த வண்டிகள் இருந்தன. 2024-ல் அமெரிக்காவில் 2019 மாடல்களைத் திருப்பி வாங்கும் அளவுக்கு விஷயம் போய்விட்டது.

அதற்காக மென்பொருள் என்றாலே கண்துடைப்பு என்று ஒதுக்குவதும் தவறு. பொதுவாக இந்த மென்பொருள் செல்களின் வோல்ட்டேஜை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தனியாக இறங்கும் செல்லைத் தேடுகிறது. எந்தக் குறையைத் தேடுகிறோம், அது எந்த மாதிரி அறிகுறி காட்டும் என்று தெரிந்தபின் எழுதிய மென்பொருளும், காரணம் புரியாத நிலையில் அவசரமாக எழுதியதும் ஒன்றல்ல. போல்ட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2020 முதல் 2022 வரையான மாடல்களில் எல்லாப் பேட்டரியையும் மாற்றுவதற்குப் பதிலாக, 2023-ல் புதிய கண்காணிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும்வரை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாது. அதற்குள் கோளாறு தென்பட்டால் பேட்டரி மாற்றப்படும், தென்படாவிட்டால் வரம்பு தானாக நீங்கி முழு சார்ஜ் கிடைக்கும். 2023 முடிவதற்குள் இதைப் போட்டுக்கொண்ட அமெரிக்க உரிமையாளர்களுக்கு 1,400 டாலரும் கொடுத்தார்கள். தன் வண்டியிலும் பேட்டரி மாறும் என்று காத்திருந்தவர்கள் பலர் இதில் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான், ஆனாலும் தொழில்நுட்பமாகப் பார்த்தால் 2021 மென்பொருளைவிட இது வேறு தரம்.

நிசான் லீஃப் ரீகால் இன்னொரு வகை. 2024-ல் 2019, 2020 மாடல்களுக்கு வந்த அறிவிப்பில் சொன்னது: வேக சார்ஜிங் வேண்டாம், அப்போது பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கலாம். சாதாரண சார்ஜிங்குக்குத் தடை இல்லை. இப்படி ஆபத்தைக் கிளப்புவது ஒரு குறிப்பிட்ட செயல்தான் என்று தெளிவாக இருக்கும்போது, அந்தச் செயலைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் பொருத்தமான தீர்வாக இருக்க முடியும். அதுவரை வீட்டில் மெதுவாக சார்ஜ் போடுகிறவருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. வேக சார்ஜரை மட்டுமே நம்பியிருக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கோ வண்டியே முடங்கின மாதிரி.

ஆக, மென்பொருளை மட்டும் தீர்வாகக் கொடுத்தால் கடிதத்தில் காரணம் சொல்லும் பத்தியைத் தேடிப் படியுங்கள். 'இன்ன ஆலையில், இன்ன காலத்தில் செய்த செல்களில், இன்ன குறை' என்று இருந்தால் அப்டேட்டைப் போட்டுக்கொண்டு, நிறுத்துமிடம் பற்றிய எச்சரிக்கை அதிகாரபூர்வமாக விலகும்வரை கவனமாக இருந்தால் போதும். 'விசாரணை தொடர்கிறது' என்று இருந்தால் அப்டேட்டைப் போடுங்கள், ஆனால் விஷயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வண்டியை வெளியே நிறுத்தும் பழக்கத்தை விடவேண்டாம், 80 அல்லது 90 வரம்பையும் நீங்களாகவே தொடருங்கள். பெரும்பாலான மின்சாரக் கார்களில் அந்த அளவை அமைப்புகளிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வு மட்டும் செய்து அனுப்பும் ரீகால் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தபோது ஓகினாவா 3,215 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்கு அழைத்தன. தளர்ந்த இணைப்பு, வெளியே தெரியும் சேதம் போன்றவற்றை இப்படிக் கண்டுபிடிக்கலாம். செல்லுக்குள் மடிந்திருக்கும் படலத்தை எந்த மெக்கானிக்கும் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வு முடிந்த சான்று கையில் இருந்தாலும், கழற்றக்கூடிய பேட்டரியைப் படுக்கையறையிலோ வெளியேறும் கதவுக்குப் பக்கத்திலோ வைத்து சார்ஜ் போடுவதைத் தவிர்ப்பேன்.

பேட்டரியையே மாற்றுவது

கிடைத்தால் இதுதான் சிறந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறையுள்ள பொருள் வண்டியை விட்டே போகிறது. கூடவே சில லாபங்களும் வரும். 2017 முதல் 2019 வரையான போல்ட்டுகளுக்குப் போட்டது புதிய வகை செல்கள், தூரம் சுமார் 8 சதவீதம் கூடியது. மாற்றிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதமும் புதிதாகத் தொடங்கியது. மின்சாரக் காரில் விலை உயர்ந்த பாகமே பேட்டரிதான் என்பதால், நான்கு வருடம் ஓடிய வண்டிக்கு இது சாதாரணப் பரிசல்ல.

குறை என்றால் வரிசைதான். ஒரு லட்சம் வண்டிக்கான செல்களை யாரும் கிடங்கில் வைத்திருப்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2021 ஆகஸ்டில் போல்ட் தயாரிப்பையே நிறுத்தி, கிடைத்த செல்களை ரீகாலுக்குத் திருப்பிவிட்டது. ஆலை மறுபடி ஓடியது 2022 ஏப்ரலில். செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர், அதில் 190 கோடி வரை எல்ஜி ஏற்க ஒப்புக்கொண்டது. இவ்வளவு பணம் கைமாறும் இடத்தில், எல்லோருக்கும் முழுப் பேட்டரி என்ற வாக்குறுதி பின்னால் சுருங்க வாய்ப்பு உண்டு. போல்ட்டின் பிந்தைய மாடல்களுக்கு நடந்தது அதுதான். அதனால் உங்கள் மாடலுக்கும் தயாரிப்புத் தேதிக்கும் பேட்டரி மாற்றம் அறிவித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் விதிகள் மாறிவிடலாம்.

முழுப் பேக்கா, குறிப்பிட்ட மாட்யூல்கள் மட்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சோதனையில் சிக்கிய மாட்யூலை மட்டும் மாற்றினால் மீதி மாட்யூல்கள் பழையவைதான். தப்பில்லை, ஆனால் முழுதும் புதியது என்ற நினைப்பில் இருக்கக் கூடாது. உத்தரவாதம் எதற்கு எந்தத் தேதியிலிருந்து என்பதும் இரண்டிலும் வேறாக இருக்கலாம்.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள்: சார்ஜே போடாமல் ஓட்டுவது

ப்ளக்-இன் ஹைப்ரிட் உரிமையாளருக்குக் கையில் ஒரு கூடுதல் வழி இருக்கிறது. பெட்ரோலில் ஓட்டிக்கொள்ளலாம். 2020-ல் ஃபோர்டு குகா, பிஎம்டபிள்யூவின் பல ஹைப்ரிட் மாடல்கள், 2022-ல் க்ரைஸ்லர் பசிஃபிகா, பிறகு ஜீப்பின் 4எக்ஸ்இ வண்டிகள் எல்லாவற்றுக்கும் வந்த அறிவுரை ஒன்றே: சார்ஜ் போடாதீர்கள். குகாவில் கடைசியில் பேட்டரி பேக்குகளை மாற்றிக்கொடுத்தார்கள்.

பின்பற்றச் சுலபமான வழிதான், ஆனால் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. சார்ஜர் செருகாவிட்டாலும் பேட்டரி முழுக்கக் காலியாக இருக்காது. எஞ்சினும் பிரேக் பிடிக்கும்போது திரும்பிவரும் ஆற்றலும் அதைக் கொஞ்சம் நிரப்பிக்கொண்டே இருக்கும். பசிஃபிகா அறிவிப்பே, சார்ஜ் குறைந்திருந்தால் ஆபத்து குறைகிறது என்றுதான் சொன்னது. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அந்த வண்டிகள் எஞ்சின் அணைத்து நிறுத்தியிருந்தபோது எரிந்தவை. எனவே கட்டடத்துக்கு வெளியே நிறுத்து என்பது இங்கேயும் உண்டு. இரண்டாவது, எரிபொருள் செலவு. மின்சாரத்தில் ஓட்டலாம் என்றுதான் கூடுதல் விலை கொடுத்து வாங்கினீர்கள். சார்ஜ் போடக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் அவை மட்டுமே பேசும்.

திருப்பிக் கொடுப்பது, விற்பது

திருப்பி வாங்குதல் அரிதான வழி. அமெரிக்கச் சட்டப்படி ரீகாலுக்கு மூன்று தீர்வுகள் உண்டு: இலவசமாகப் பழுது நீக்குவது, வண்டியை மாற்றிக் கொடுப்பது, பணத்தைத் திருப்புவது. எதைத் தேர்வது என்பது நிறுவனத்தின் கையில். பழுது நீக்க முடியும் என்று அது சொல்லும்வரை, பணத்தைக் கொடு என்று நாம் பிடிவாதம் பிடித்துப் பெரும்பாலும் பயனில்லை. ஐ-பேஸ் மாதிரி தீர்வு கைக்கு எட்டாமல் போனபோதும், போல்ட்டில் தனித்தனியாக வாதாடிய சிலருக்கும் இது நடந்தது. தரையடி நிறுத்துமிடம், மாற்று இடமில்லை, சரிசெய்யும் தேதியும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தவரின் வாதம் மற்றவர்களுடையதைவிட வலுவானது. ஆவணமாக எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது.

விற்பதைப் பொறுத்தவரை, ரீகால் திறந்திருக்கும்போது விற்பவர் மிக மோசமான விலையில் விற்கிறார். பேட்டரி மாறிய பிறகு விற்பவரின் வண்டியோ அதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிட மேலானது. ஆகவே நஷ்டத்தில் தள்ளிவிடுவதற்குக் காரணம் நிறுத்துமிடப் பிரச்சினையாக இருந்தால் புரிகிறது. வெறும் பயமாக இருந்தால் கொஞ்சம் பொறுப்பது நல்லது. ரீகாலை மறைத்து விற்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். வாங்குகிறவரின் வீட்டுக்குள் அந்த வண்டி நிற்கப்போகிறது.

பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவருக்கு இதே விஷயத்தில் வாய்ப்பு இருக்கிறது. ஆண்டும் ஓடிய தூரமும் பழையது, பேட்டரி மட்டும் புதியது என்ற வண்டி கிடைத்தால் விடவேண்டாம். ஆனால் விற்பவரின் வாய்வார்த்தை போதாது. அமெரிக்காவில்கூட ரீகால் முடியாத புதுக் காரை விற்கத்தான் மத்திய சட்டம் தடைபோடுகிறது, பழைய காருக்கு அந்தத் தடை இல்லை. 17 இலக்க வாகன அடையாள எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்திலோ அரசின் தளத்திலோ நீங்களே பார்த்துவிடுங்கள்.

பயத்தின் அளவு

கோனா தீ சம்பவங்கள் பேட்டரி மாற்றம் அறிவித்த நேரத்தில் 15 என்று சொல்லப்பட்டன. பேட்டரி மாற்றப் பட்டியலில் வந்த கோனாக்கள் சுமார் 75,000. ஐயாயிரம் வண்டிக்கு ஒன்று என்ற கணக்கு. போல்ட்டில் விகிதம் இதைவிடக் குறைவு. ரீகால் ஆன வண்டி என்றால் எந்த நேரமும் வெடிக்கும் என்பதல்ல. எதுவும் செய்யாமல் கடிதத்தை மேசை இழுப்பறையில் போடுபவரின் வண்டியும் அநேகமாக எரியாமலே காலம் தள்ளும்.

அப்படியானால் ஏன் இவ்வளவு கவலை? ஐயாயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்பு திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு ஒரு காப்பீட்டுப் பிரச்சினை. படுக்கையறைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு அது அப்படியல்ல. பேட்டரித் தீ நச்சுப் புகையைக் கக்கும், அணைக்கப் பெருமளவு தண்ணீர் கேட்கும், அணைந்த பிறகும் மறுபடி பற்றும். அதே ரீகால், அதே மாடல், ஆனால் இரண்டு வீடுகளுக்கு இரண்டு வேறு பதில்கள் இருக்கலாம்.

என்னிடம் கேட்டால், திறந்த வெளியில் நிறுத்தி, குறைந்த தூரம் ஓட்டுபவர் வரம்போடு காத்திருந்து பேட்டரி மாற்றத்தை வாங்கிக்கொள்வதே நல்லது. விற்கவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். திறந்த வெளி இருந்தும் தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவர் மாற்று வண்டியைக் கேட்டு நெருக்க வேண்டும். 230 கிலோமீட்டரில் பிழைப்பை ஓட்ட முடியாது என்பது நியாயமான புகார். கட்டடத்துக்குள் மட்டுமே நிறுத்த முடிந்தவர், காரணம் தெரியாத ரீகாலாக இருந்தால், மென்பொருளோடு திருப்தி அடையக் கூடாது. வேலை முடியும்வரை வண்டியை சர்வீஸ் சென்டரிலேயே விட அனுமதி கேட்கலாம், அதுவும் இல்லையென்றால் திருப்பி வாங்கச் சொல்லி எழுதலாம். நஷ்டத்துக்கு விற்பதையும் இவர் ஒருவர் மட்டும் யோசிக்கலாம்.

எந்த வழியில் போனாலும் வேலை முடிந்ததும் ரீகால் எண், செய்த வேலை, மாற்றிய மாட்யூல் விவரம், தேதி எல்லாம் உள்ள தாளை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே நிறுத்து என்ற எச்சரிக்கை இனி இல்லை என்பதையும் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனமும் குடியிருப்போர் சங்கமும் கேட்கப்போவது அதைத்தான். அப்புறம், சில மாதங்களுக்கு ஒருமுறை அடையாள எண்ணை மறுபடி போட்டுப் பாருங்கள். 2025 நவம்பரில் ஜீப் ராங்லர், கிராண்ட் செரோக்கி ஹைப்ரிட்களில் அமெரிக்காவில் மட்டும் 3,20,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. முந்தைய ரீகாலில் வேலை முடித்து, சரியாகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டிருந்த வண்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.